பன்றிக் கொட்டிலில் எழுந்த இருமல்
ஈப்போவில் தோன்றிய நிப்பா நோயும் அது கற்பித்த பாடமும்

கால்நடை மருத்துவம் என்றவுடன் மாட்டுக்கு மருந்து புகட்டுதலும் ஆட்டின் குளம்புப் புண்ணை ஆற்றுதலுமே பலர் நினைவுக்கு வரும். அஃது அத்தொழிலின் ஒரு பாதியே. விலங்கிடமிருந்து மனிதனுக்கு வரும் நோயைத் தடுத்தலும், பாலும் முட்டையும் இறைச்சியும் தூயனவாய் வீடு வந்து சேரக் காத்தலும் அதன் மறுபாதி. முன்னதன் பயனை உடனே கண்ணாற் காணலாம். பின்னதன் பயன், நோய் வராதிருக்கும்வரை ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

மனித மருத்துவமும் விலங்கு மருத்துவமும் தத்தம் வழியே தனித்தனியாகச் செல்லுமாயின் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. பேராக் மாநிலத்திலேயே அஃது உண்டு. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் ஈப்போவின் புறநகரில் தொடங்கி, அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் மலேசியாவில் 265 பேரைப் பற்றி, அவர்களுள் 105 பேரைக் கொன்ற நிப்பா நோயே அது. உலகில் அதுவரை பெயரறியப்படாத ஒரு கிருமி, மலைகள் சூழ்ந்த இந்தப் பள்ளத்தாக்கிலேதான் முதன்முதல் மனிதரிடம் தன் கொடுமையைக் காட்டியது.

நோய் தோன்றிய இடம்

கிந்தாப் பள்ளத்தாக்கு ஈயத்தால் வளம் பெற்றது. 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தபின் லம்பங்கள் பல மூடப்பட்டன. ஈயம் எடுத்த மணல்வெளியிலும், குட்டைகளின் கரையிலும் காய்கறித் தோட்டங்களும் மீன் குளங்களும் வாத்து, பன்றிப் பண்ணைகளும் எழுந்தன. மறுபுறம் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டும் சுருங்கின. பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் கிடைத்த வேலைக்குச் சென்றனர். பன்றிப் பண்ணைகளின் உடைமையாளர் பெரும்பாலும் சீனர். அவற்றிலே கூலி வேலை செய்தோருள் இந்தியரும் இருந்தனர். பின்னர் நோய்வாய்ப்பட்டோர் பட்டியலில் இவ்விரு இனத்தாரும் இடம்பெற்றமைக்கு இதுவே காரணம்.

தம்பூன் முதலிய ஈப்போப் புறநகர்ப் பண்ணைகளில் வேலை செய்தோர் சிலருக்கு முதலில் காய்ச்சலும் தலைவலியும் கண்டன. சில நாள்களில் உணர்வு மங்கிற்று. சிலருக்கு வலிப்பு எழுந்தது. பின்னர் நினைவிழந்து படுத்தனர். மூளையைத் தாக்கும் காய்ச்சல் இஃது என்பதில் மருத்துவருக்கு ஐயமில்லை. எந்த மூளைக்காய்ச்சல் என்பதே வினா.

முதல் முடிவு

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் நோய் இந்நாட்டுக்குப் புதியதன்று. வயல்நீரில் பெருகும் ஒருவகைக் கொசு அதனைப் பரப்புகின்றது. பன்றியின் உடலில் அக்கிருமி மிகுதியாகப் பெருகும். பன்றியைக் கடித்த கொசு மனிதனைக் கடித்தால் நோய் தொற்றும். பன்றிப் பண்ணை, கொசு, மூளைக்காய்ச்சல் என்னும் மூன்றும் ஓரிடத்தில் கூடியிருக்கக் கண்டோர், இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலே என்று கருதியதில் வியப்பில்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த குருதியை ஆராய்ந்தபோது சிலவற்றில் அந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஜப்பானின் நாகசாகிப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் அதனை உறுதிப்படுத்தியது. முடிவு உறுதியாயிற்று. பண்ணைகளைச் சுற்றிக் கொசுப்புகை அடிக்கப்பட்டது. மக்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது.

ஆயினும் சாவு நிற்கவில்லை.

இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. ஒரு நோய் நெடுங்காலமாக உலவும் நாட்டில், அதற்குரிய எதிர்ப்பொருள் சிலரது குருதியில் இருத்தல் இயல்பு. ‘இவருடைய உடல் அக்கிருமியை அறியும்’ என்று மட்டுமே அச்சோதனை கூறியது. ‘இவரைச் சாய்த்தது அக்கிருமியே’ என்று அது கூறவில்லை. கூறாததையும் கூறியதாகக் கொண்டமையே பிழை.

பொருந்தாத சான்றுகள்

ஓர் ஊகம் மெய்யோ என அறிய, அதனோடு பொருந்தும் சான்றுகளை எண்ணினால் போதாது. பொருந்தாதவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஈப்போவிலும் பின்னர் நெகிரி செம்பிலானிலும் பொருந்தாதவை பல இருந்தன.

முதலாவது, நோயுற்றோரின் வயது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்களோ உழைக்கும் வயதினர். 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்டு எழுதிய 94 நோயாளிகளின் சராசரி வயது 37. பெண் ஒருவருக்கு ஆண் நால்வர்க்கு மேல் என்பது அவர்தம் விகிதம். கொசு ஆணென்றும் பெண்ணென்றும் பார்த்துக் கடிப்பதில்லை.

இரண்டாவது, தொழில். அந்த 94 பேருள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் பன்றியை நேரே தொட்டுப் பழகியவர். பண்ணைக்கு அருகிலேயே குடியிருந்தும் பன்றியைத் தொடாத மலாய்க் குடும்பங்களில் நோய் ஏறக்குறைய இல்லை. கொசுவே காரணமாயின், அது வேலியைத் தாண்டிப் பறக்காதிருந்தது எங்ஙனம்?

மூன்றாவது, தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர்.

நான்காவது, பன்றிகளின் நிலை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி கிருமியைச் சுமக்குமேயன்றிப் பெரும்பாலும் தான் நோயுறாது. சினைப்பன்றி கருவிழத்தலே அதில் காணும் பெருந்தீங்கு. இப்பண்ணைகளிலோ பன்றிகள் மூச்சுத் திணறின. குரைப்பது போன்ற வன்மையான இருமல் இருமின. ஒரு மைல் தொலைவுக்குக் கேட்கும் என்று பொருள்பட, ‘ஒரு மைல் இருமல்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. சில பன்றிகள் நடுங்கின. தாய்ப்பன்றிகள் சில திடீரென மாண்டன. பண்ணை நாய்களும் நோயுற்றன.

இந்த இருமலை முதலிற் கேட்டவர் யார்? தீவனம் போட்டவர், கொட்டில் கழுவியவர், குட்டிக்கு ஊசி போடப் பிடித்துக்கொடுத்தவர். நோயின் முதற் சான்று அவர்கள் காதில்தான் விழுந்தது. பன்றிக்கு வந்த இருமலையும் மனிதனுக்கு வந்த காய்ச்சலையும் ஒரே நோயின் இரு முகங்களாக ஒருங்கே வைத்துப் பார்க்கக் காலம் பிடித்தது. இருமிய பன்றிகளுள் மாண்டவை மிகச் சிலவே. நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. ஆதலின் பண்ணைக்காரர்க்கும் அது பேரிழப்பாகத் தோன்றவில்லை. பழைய திசுமாதிரிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, 1996-ஆம் ஆண்டின் இறுதி முதலே இந்நோய் பன்றிகளிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக உலவியமை தெரியவந்தது.

தெற்கு நோக்கி

நோய் கண்ட பகுதியிலிருந்து பன்றிகள் விற்கப்பட்டன. லாரிகளில் ஏறித் தெற்கே சென்றன. அவற்றோடு கிருமியும் சென்றது. நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த சிக்காமட்டிலும், போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களிலும் நோய் மூண்டது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் அந்நாளில் பன்றி வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. மாண்டவருள் மிகப் பலர் அவ்வட்டாரத்தவரே. கொசு பறக்கும் தொலைவு சிறிது. லாரி ஓடும் தொலைவு பெரிது. நோய் லாரியின் தடத்தைப் பற்றிச் சென்றமையும் கொசுவின்மேல் கொண்ட ஐயத்தைக் குறைத்திருக்க வேண்டிய மற்றொரு சான்று.

1999 மார்ச்சு மாதத்தில் சிங்கப்பூரிலும் நோய் தோன்றியது. மலேசியாவிலிருந்து சென்ற பன்றிகளை அறுப்புக்கூடத்தில் கையாண்ட 11 தொழிலாளர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். சிங்கப்பூர் மலேசியப் பன்றியை வாங்குவதை நிறுத்தியது.

கிருமி பிடிபட்டது

சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் மூளைத் தண்டுவட நீர், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அங்கே கிருமியியல் அறிஞர் சுவா காவ் பிங், பேராசிரியர் லாம் சாய் கிட் ஆகியோரின் குழுவினர் ஆய்வு நடத்தினர். சுவா அந்நீரை வளர்ப்புத் திசுவில் இட்டுக் கவனித்தார். சில நாள்களில் தனித்தனியாக நின்ற உயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து பெரும் பிண்டங்களாயின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் இயல்பு இஃதன்று. அம்மாதிரியைச் சுவா தம் கையாலேயே அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். அங்குள்ள நோய்க்கட்டுப்பாட்டு நடுவத்தின் ஆய்வுக்கூடங்களில், அது 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் அவற்றைப் பழக்கிய ஒருவரையும் கொன்ற ஹெண்ட்ரா கிருமியின் நெருங்கிய உறவென்றும், அதனினும் வேறான புதுக்கிருமியென்றும் தெளிவாயிற்று.

நோயாளியின் ஊர்ப்பெயரால் அதற்கு நிப்பா எனப் பெயரிட்டனர். ‘நிப்பா’ என்பது சதுப்புக் கரையில் வளரும் ஒருவகைப் பனையின் மலாய்ப் பெயர். தோட்டப்புற மக்கள் நன்கறிந்த அத்தாப்புக் கூரை இப்பனையின் ஓலையால் வேயப்படுவதே. பல தலைமுறைகளுக்கு நிழல் தந்த மரத்தின் பெயர் கொடுநோயின் பெயராய் உலகெங்கும் பரவிற்று. இடப்பெயரால் நோய்க்குப் பெயரிடுதல் அவ்வூர் மக்களுக்கு இழுக்காகின்றது என்பதை உணர்ந்து, அவ்வாறு செய்தல் வேண்டாவென உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது.

கிருமி இன்னதெனத் தெரிந்தவுடன் செயல் மாறியது. கொசுவை விட்டுப் பன்றியின் பக்கம் திரும்பினர். படைவீரரும் துணைவர, நோய் கண்ட வட்டாரங்களில் பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் இவ்வாறு அழிந்தன. பின்னர் நாடெங்கும் பண்ணைதோறும் குருதி எடுத்துச் சோதிக்கப்பட்டது. ஈப்போவிலே 1948-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கால்நடை ஆராய்ச்சி நிலையம் இப்பணியில் பெரும்பங்கு கொண்டது. சோதிக்கப்பட்ட 889 பண்ணைகளில் 50-இல் நோயின் தடம் தெரிந்தது. அவற்றின் பன்றிகளும் அழிக்கப்பட்டன. நோய்க்கு முன் ஏறத்தாழ 24 இலட்சமாக இருந்த நாட்டின் பன்றித்தொகை 13 இலட்சமளவாகக் குறைந்தது. எத்தனையோ குடும்பங்கள் தொழிலை இழந்தன. பிழைத்தெழுந்தவர்க்கும் துன்பம் தீரவில்லை. சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மூளைக்காய்ச்சல் மீண்டும் கண்டது. ஆயினும் 1999-க்குப் பின் மலேசியாவில் இந்நோய் மீண்டும் மூளவில்லை.

வௌவாலும் மாமரமும்

பன்றிக்கு இந்நோய் எங்கிருந்து வந்தது? ஹெண்ட்ராவின் உறவு என்று அறிந்தமை இதற்கு வழிகாட்டிற்று. ஹெண்ட்ரா பழந்தின்னி வௌவாலின் கிருமி. மலேசியாவிலும் மலாய்க்காரர் ‘கெலுவாங்’ என வழங்கும் பெரிய வௌவால்களின் குருதியில் நிப்பாவுக்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. சுவாவும் துணைவரும் தியோமான் தீவில் வௌவால் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, விழுந்த சிறுநீரைத் திரட்டினர். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்தெடுத்தனர். இரண்டிலும் கிருமி கிடைத்தது. வௌவால் அதனால் நோயுறுவதில்லை. நெடுங்காலமாக அதனோடு கூடி வாழ்ந்து வருகின்றது.

நோயின் தொடக்கமெனக் கருதப்படும் ஈப்போ அருகிலுள்ள பண்ணை முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொண்டது. அதன் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் பழுத்து நின்றன. இரவில் வௌவால் வந்து பழத்தைக் கடிக்கும். எச்சில் பட்ட பழமும் சிறுநீரும் கொட்டிலில் விழும். பன்றி அதனைத் தின்னும். 1970-களின் தொடக்கத்திலிருந்து 1990-களின் இறுதிவரை மலேசியாவில் மாம்பழ விளைவும் பன்றி வளர்ப்பும் ஏறத்தாழ மும்மடங்காயின. பழமும் பன்றியும் ஒரே நிலத்தில் இலாபம் தரும் இருபயிராக நின்றன. அந்த இணைப்பே கிருமிக்குப் பாலமாயிற்று.

காடெரிப்பும் 1997-இன் புகைமூட்டமும் வௌவால்களை விரட்டிப் பழத்தோட்டங்களுக்குத் துரத்தின என்ற கருத்தும் ஒருகால் கூறப்பட்டது. 2012-இல் வெளிவந்த விரிவான ஆராய்ச்சி அதனை ஏற்கவில்லை. அதன்படி கிருமி அப்பண்ணைக்குள் ஒருமுறையன்று, இருமுறை புகுந்தது. முதன்முறை தீப்போல் பரவி, எரிக்க எஞ்சியது இல்லாத தீயைப்போல் அடங்கியது. மறுமுறை புகுந்தபோது பன்றிகளுள் ஒரு பகுதி முன்பே நோய்கண்டு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தது. இதனால் கிருமி ஒரேயடியாகப் பரவித் தீராமல், புதிதாகப் பிறக்கும் குட்டிகளைப் பற்றி மெல்ல மெல்ல நெடுநாள் நிலைத்தது. பெரும்பண்ணையின் பெருக்கமே கிருமிக்கு வற்றாத விறகாயிற்று. சிறு கொட்டிலில் நான்கு பன்றி வளர்த்த காலத்தில் இஃது இயலாது.

உணவு தூயதா?

அந்நாளில் மக்களை வாட்டிய பெருங்கேள்வி இறைச்சி பற்றியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நோயுற்றவர் உயிருள்ள பன்றியோடு பழகியவரே. நன்கு வேகவைத்த இறைச்சியை உண்டதனால் நோய் பரவியதாகக் காணப்படவில்லை. கிருமி வெப்பத்தைத் தாங்காது. ஆபத்து தட்டில் இல்லை. கொட்டிலிலும் அறுப்புக்கூடத்திலும் இருந்தது. உண்பவனைக் காட்டிலும் உணவைப் படைப்பவனுக்கே முதல் ஆபத்து என்பது இதனாற் பெறப்படும்.

பின்னாளில் வங்காள தேசத்தில் கிருமி உணவின் வழியாகவே வந்தது. அங்கே குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிச் சாறு இறக்கி, விடியற்காலையில் காய்ச்சாமல் குடிப்பது வழக்கம். இருளிலும் படம் பிடிக்கும் கருவியை மரத்தில் பொருத்தி நோக்கியபோது, வௌவால்கள் சீவிய இடத்தில் அமர்ந்து சாற்றை நக்குவது தெரிந்தது. 2001 முதல் அந்நாட்டில் நோய் மீண்டும் மீண்டும் தோன்றியதற்கு இதுவே பெருங்காரணம். புளித்த கள்ளைக் குடித்தும் சிலர் நோயுற்றனர். பதநீரும் கள்ளும் அறிந்த தமிழர்க்கு இச்செய்தி எளிதில் விளங்கும். அதற்கு அங்குக் கண்ட தீர்வும் எளியது: மூங்கிற் பிளாச்சினால் முடைந்த தட்டியைச் சீவிய இடத்தையும் கலயத்தையும் சுற்றிக் கட்டினால் வௌவால் அணுகாது. சாற்றைக் காய்ச்சிக் குடித்தால் அச்சமே இல்லை.

இந்தியாவில் 2001-இல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியில் 66 பேர் நோயுற்று 45 பேர் மாண்டனர். அது நிப்பாவே என்பது 2006-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அங்கு மருத்துவமனைகளிலேயே நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது. 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நோய் தோன்றி 17 உயிர்களைக் கொண்டது. நோயாளிக்குப் பணிவிடை செய்த தாதி லினியும் அவர்களுள் ஒருவர். ஆயினும் அங்குச் சில நாள்களிலேயே நோய் இன்னதெனக் கண்டனர். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இருவர் ஒரே விதமாக நோயுற்றமையை ஐயத்தோடு நோக்கிய மருத்துவரும், மாதிரியை உடனே சோதித்த மணிப்பால் ஆய்வுக்கூடமும் அதற்குக் காரணம். ஈப்போவில் ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது இங்கே நாள்கணக்கில் முடிந்தது. ஈப்போவின் இழப்பு முற்றும் வீண்போகவில்லை.

கற்க வேண்டியது

நிப்பாவுக்கான தடுப்பூசியை மனிதரிடம் சோதிக்கும் பணி தொடங்கியுள்ளது. மருந்து வரும்வரை காப்பது எது? கொட்டிலருகே பழமரம் வையாதிருத்தல், நோயுற்ற விலங்கை விற்றுத் தள்ளாதிருத்தல், வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை உண்ணாதிருத்தல், இறக்கிய சாற்றை மூடியும் காய்ச்சியும் பருகுதல், நோயாளியைத் தொட்ட கையைக் கழுவுதல் ஆகிய சிறு செயல்களே. வௌவாலைக் கொல்லுதல் இவற்றுள் ஒன்றன்று. டுரியான் பூக்களை மகரந்தம் கூட்டிக் காய்க்கச் செய்வனவற்றுள் வௌவால் தலையாயது. அதனை அழித்தால் பழத்தையும் இழப்போம்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் அவருடைய காய்ச்சலைப் பற்றி மட்டும் கேட்டல் போதாது. ‘உன் தொழில் யாது? உன் கொட்டிலில் விலங்குகள் நலமா?’ என்றும் கேட்டல் வேண்டும். அவ்வாறே பண்ணைக்கு வரும் கால்நடை மருத்துவர், ‘இங்கே வேலை செய்வோர் நலமா?’ என்று வினவுதல் வேண்டும். ஈப்போவின் புறநகர்க் கொட்டில்களில் இருமல் எழுந்தபோது அதனைக் கேட்டவர்கள் இருந்தனர். அவர்களிடம் உரிய காலத்தில் இவ்வினாக்களைக் கேட்டிருந்தால், அந்த 105 பேருள் சிலரேனும் வீடு திரும்பியிருப்பர்.